பொட்டு வைத்த ரூட்டர்

பரிமளாவுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், அம்மாவோடு மீன் ஏலத்தில் கத்திப் பழகிய குரல். எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். அந்தக் குரலை வைத்துத்தான் எங்கள் முதலாளி ஹரிஹரனை, கிளைகளை இணைக்கும் தனி லைனுக்குச் சம்மதிக்க வைத்தாள். எங்களுக்கு உர வியாபாரம். செங்கல்பட்டில் தலைமைக் கடை, மதுராந்தகத்திலும் அச்சரப்பாக்கத்திலும் கிளைகள்.

"ஊர்ப்பட்ட இன்டர்நெட் கூட்டத்துல நம்ம பில்லு ஏன் சார் இடிபடணும்?" என்றாள். தனி லைனில் தகவல் கிளம்பும்போதே ஒரு லேபிள் ஒட்டிவிடுவார்களாம். வழியிலுள்ள ரூட்டர்கள் தகவலைப் பிரித்துப் பார்க்காது. லேபிளைப் பார்த்து, வேறு லேபிள் மாற்றி, அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். கணக்குப் பார்க்கும் எனக்குப் பாதிதான் புரிந்தது. முதலாளிக்கு அதுவும் இல்லை. ஆனாலும் தலையாட்டினார்.

விஜயதசமி காலையில் கடை திறந்தால், அச்சரப்பாக்கம் கிளையைத் திரையில் காணோம். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இன்னாமா, லேபிளு கிழிஞ்சி போச்சா? சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா லைனையும் எடுத்துடு, நீயும் வேற வேலை பாத்துக்க."

அவள் முகம் சுண்டிப்போனது. இந்த வேலைக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளோடு நானும் பஸ் ஏறினேன்.

கிளையில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் பொரி, வாழைப்பழம். நடுவில் ரூட்டர், நெற்றி நிறையச் சந்தனம் குங்குமத்தோடு. பிளக்கைப் பிடுங்கி, வயரைப் பதவிசாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்த இது?" என்று மேனேஜர் செங்கல்வராயனிடம் கத்தினாள் பரிமளா.

"நேத்து ஆயுத பூஜைம்மா. அதுக்கும் ரெஸ்ட் குடுத்தோம்."

"இன்னிக்கிப் போடறதுதானே?"

"போன வருசம் நாங்களே மிஷினெல்லாம் ஆன் பண்ணிட்டோம்னு மொதலாளி கிழிகிழின்னு கிழிச்சாரு. அவரு கற்பூரம் காட்டி, அவரு கையாலதான் போடணுமாம். அதான் ஒக்காந்துகினு கீறோம்."

"போன்ல சொல்லக் கூடாதா?"

"எங்க பேச வுட்டாரு?"

பிளக்கை எடுத்தவள், ஒரு நிமிஷம் யோசித்துத் திரும்ப வைத்துவிட்டாள். முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், லைன் உங்களுக்காகத்தான் காத்துகினு கீது. நேர்ல வாங்க."

வந்தார். விஷயத்தைக் கேட்டார். கற்பூரம் காட்டி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அச்சரப்பாக்கம் வந்துவிட்டது என்று செங்கல்பட்டிலிருந்து போன்.

முதலாளி ரூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வருசம் இதுக்குப் பொட்டு மட்டும் வெச்சா போதும். லீவு கெடையாது."

"எனக்கு சார்?"

"ஒனக்குந்தான். நாளைக்கி நேரத்துக்கு வேலைக்கி வந்துடு."

பரிமளா சிரித்த சிரிப்பு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.