டி டிரைவில் ஐந்து பிரதிகள்

மகளின் கல்யாணப் படங்கள் மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு. படம் எடுத்தவர் ஒரே ஒரு டிவிடியில் கொடுத்தார். சாலையை அகலப்படுத்தியபோது அவருடைய ஸ்டூடியோ இடிபட்டது. ஆள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. படங்களைக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஏற்றிவைத்தேன். பிறகு டிவிடியில் பூஞ்சை படர்ந்து அது ஓடாமல் போனது. ஆகவே அந்தப் படங்கள் இருந்த இடம் உலகத்தில் அந்த டிரைவ் ஒன்றுதான்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் மாடியறையில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர்கள் இருவர் வாடகைக்கு இருந்தார்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுவார்கள். அனுமதித்தது என் மனைவி. நான் பேப்பர் படிக்கிற சாக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்துவிடும். அவர்கள் போனதும் டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பேன். சில ஞாயிறுகளில் நாலு ஜிபிக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். எப்போதும் அதே அளவு. கண்டதையும் கொட்டுகிறவனைவிட, அளந்து வைக்கிறவனிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

“எதையோ ஒளிச்சு வைக்கிறானுங்க” என்றேன்.

“நீங்க இன்னா போலீஸா? காரு ஓட்டிக்கினு கீறானுங்க, அவ்ளோதான்” என்றாள் மனைவி.

தேடினேன். ‘பழசு 1’ முதல் ‘பழசு 5’ வரை ஐந்து ஃபோல்டர்கள் அகப்பட்டன. ஐந்திலும் என் மகளின் கல்யாணம். எண்ணினேன். நான்கில் அறுநூற்றுப் பதினான்கு, ஐந்தாவதில் அறுநூற்று ஒன்பது. குறைந்த ஐந்து எவை என்று ஒப்பிட்டேன். அந்த ஐந்து படங்களிலும் அவள் மணக்கோலத்தில் தனியாக நின்றாள். அவற்றை மட்டும் தேடி எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

மாடியறை இளைஞர்களில் மூத்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதறவே இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

“கம்பெனில மெஷின் புரோகிராம மாத்துறதுக்கு முன்னாடி பழசக் காப்பி எடுத்து வச்சிட்டுத்தான் தொடுவோம்யா. இங்க புதுசா ஒரு கேம் ஏத்தும்போதெல்லாம் உங்க படத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சேன். கேம்லயும் அப்படித்தான், பழசு மேலயே சேவ் பண்ணா ஒண்ணு கெட்டா எல்லாம் போச்சுல்லா.”

“அஞ்சு படம் எங்கே?”

“காப்பி ஆவல, விட்டுரவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்.”

நம்பவில்லை. அந்த மாதத்தோடு அறையைக் காலி செய்யச் சொன்னேன்.

அடுத்த வாரமே கம்ப்யூட்டர் ‘டக் டக்’ என்று அடித்து நின்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒரே டிஸ்க்குல இத்தினி காப்பியா? வூடு பத்திக்கினா எல்லா ரூமும்தானே சார் எரியும்!”

ஆனால் அவர் உடனே டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. டிஸ்க் அங்கங்கேதான் கெட்டிருந்தது. ஒரு பிரதியில் திறக்காத படம் இன்னொன்றில் திறந்தது. அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததில் அறுநூற்றுப் பதினொன்று தேறியது. காப்பி ஆகாத அந்த ஐந்து படங்களும் நான் முதலில் ஏற்றியதில் டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவையாம். அந்த இடம்தான் முதலில் கெட்டதாம். யாரும் அழிக்கவில்லை. ஐந்தும் ‘பழசு 2’இல் பத்திரமாக இருந்தன. கடைக்காரரே தமக்கென்று ஒரு பிரதி எடுத்துவைத்திருப்பாரோ என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

தேறிய படங்களை மூன்று டிவிடிகளில் போட்டிருந்தேன். ஒன்று மகளுக்கு. மற்ற இரண்டையும் பீரோவில் வைக்கப் போனேன்.

“ரெண்டையும் ஒரே பீரோல வச்சா மறுபடியும் அதே கததானே?” என்று மனைவி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பி நின்ற மூத்தவனிடம், “உங்க அம்மாகிட்ட குடுத்து வைக்கச் சொல்லுப்பா” என்று நீட்டினாள். காலி செய்யச் சொன்னதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

“அம்மாட்ட நகப் பெட்டியிலயே வைக்கச் சொல்லுதேன்யா” என்றான்.

பெட்டிக்குப் பூட்டு உண்டா என்று கேட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.