திருவிருந்துக்கு எழுந்திருக்காதவர்கள்

போன ஞாயிறு எங்கள் அடையாறு சபையில் ஏ.சி. கெட்டுப்போக, பழைய மின்விசிறியைப் போட்டார்கள். அது கடகடத்ததும் எனக்கு வயது பத்தாகிவிட்டது. முட்டி மட்டும் ஒத்துழைக்கவில்லை.

அப்போது பாடகர் குழுவின் தலைவர் எங்கள் தாய்மாமா. பாட்டுத் தாள் பறக்கிறதென்று விசிறியை நிறுத்துவார். கமிட்டியில் இருந்த அப்பா, சபையார் வேகிறார்களென்று போடுவார். ஒரு ஞாயிறு பாட்டின் நடுவிலேயே போட்டுவிட்டார். தாள்கள் பீடம்வரை பறந்தன.

அதன்பின் வேதம் உள்ளே வந்தது. குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய் உணர்த்த வேண்டுமாம். அப்பா போய் நன்றாகவே உணர்த்தினார். மறுநாள் மாமா வந்து அப்பாவுக்கு உணர்த்தினார். மனஸ்தாபத்தோடு பீடத்தை நெருங்கக் கூடாது என்பதிலும் இருவரும் கெட்டி. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போக, இவர்கள் மட்டும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன்" என்று அம்மாவும் ஒரு ஞாயிறு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வேதம் தெரிஞ்சவ பண்ற காரியமா இது, மச்சான்?" என்றார் அப்பா.

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன், மாப்ளே."

இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அம்மாவுக்கு உணர்த்தினார்கள். வெகுநாள் கழித்து இருவருக்கும் சமாதானம்.

அடுத்த திருவிருந்தில் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். அம்மா மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை; இப்போது மனஸ்தாபம் அவளுக்கு. அவள் கையைப் பிடித்து இழுப்பதா, கூடவே உட்கார்ந்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.