செம்பியன் சாருக்கு மிச்சமிருந்த பேப்பர்

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்து அரியர் வைத்த பையன் எவனைக் கேட்டாலும் செம்பியன் சாரின் டியூஷனுக்கு வழி சொல்வான். மேல வீதியில் ஒரு மருந்துக்கடை மாடி. கணக்குப் பேப்பர் என்றாலே பேயறைந்தாற்போல் ஆகிவிடுகிற பிள்ளைகளையும் தேற்றிக் கரையேற்றிவிடுவார் என்று பேர்.

அந்தப் பேர் கணக்கால் மட்டும் வந்ததில்லை. புதிதாக வருகிறவனிடம் செம்பியன் புத்தகத்தை எடுக்கச் சொல்வதில்லை. "காலையில என்னா சாப்ட்ட?" என்பான். டீயும் பிஸ்கட்டும் என்று பதில் வந்தால், முதலில் போய் நாலு இட்லி தின்றுவிட்டு வா என்று கீழே அனுப்பிவிடுவான். கணக்கை மனப்பாடம் செய்கிறவனுக்கு நல்ல வசவு விழும். பரீட்சைக்கு முந்தின நாள் தூங்காமல் படித்தேன் என்று பெருமை பேசுகிறவனுக்கு அதைவிட அதிகம் விழும். ஒரே கணக்கில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை எழுப்பி, நாலு வீதியும் சுற்றிவிட்டு வரச்சொல்லி விரட்டுவான். அழுகிற பையன்களும் உண்டு. மற்றவர்கள் போனபிறகு அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.

"அரியர்னா என்னாடா, அம்மை போட்டாப்புல. வரும், போவும். வெக்கப்பட்டு ஹாலுக்குப் போவாம ஒளிஞ்சிக்கினீன்னா மட்டும்தான் அது ஆயுசுக்கும் நிக்கும்."

இதை அவன் அனுபவித்துச் சொன்னான் என்பது ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. செம்பியனுக்கே ஒரு அரியர் இருந்தது. முதல் வருஷத்து கிராபிக்ஸ், அதாவது கருவி வைத்துப் படம் வரைகிற பேப்பர்.

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த சாமிக்கண்ணுவின் மகன் அவன். அந்தத் தெருவிலேயே இன்ஜினியரிங் படிக்கப்போன முதல் ஆள். கணக்கில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவனுக்கு, ஒரு கூம்பைக் குறுக்கே வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும் என்பது மட்டும் கண்ணுக்குள் வரவே இல்லை. மற்றதெல்லாம் முடிந்து 2005-ல் வீட்டுக்கு வந்தபோது அது ஒன்று பாக்கி. அதற்குள் சாமிக்கண்ணு தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். அடுத்த தடவை முடித்துவிடலாம், எதற்கு அந்த மனுஷனை நோகடிப்பது என்று செம்பியன் வாயை மூடிக்கொண்டான். வாய் திறக்கவேண்டிய நேரம் அதுதான். பிறகு கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.இ. ஏறியது. மனைவி வெண்மதி பள்ளிக்கூட டீச்சர், அவளிடமும் சொல்லவில்லை. கடைசியில் டியூஷன் பலகையிலும் பி.இ. ஏறிவிட்டது. ஒரு பொய்யைத்தான் சொன்னான். மற்றவர்கள் அதற்கு வீடு கட்டிக் குடித்தனமும் வைத்துவிட்டார்கள்.

எழுதித் தொலைக்கவேண்டியதுதானே என்று கேட்கலாம். கிராபிக்ஸ் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவனிடம் படிக்கிற பையன்கள். போதாததற்கு டிராஃப்டர் வேறு. பலகையில் மாட்டிக் கோடு போடுகிற அந்த நீளமான இரும்புக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால், இவன் முதல் வருஷம் என்று பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். இரண்டாம் வருஷம் போனதும் எல்லாரும் அதை ஜூனியர்களுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குமேல் ஒருவன் டிராஃப்டர் தேடினால், கிராபிக்ஸில் ஃபெயிலாகிவிட்டான் என்று தமுக்கடித்தது மாதிரி. முப்பதை நெருங்குகிற சார் எப்படித் தூக்குவார்? ஒவ்வொரு தடவையும் ஹால்டிக்கெட் வாங்குவான். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக் காலையில் ஏதாவது ஒரு பையனுக்கு அவன் அவசியம் தேவைப்படுவான்.

2011-ல் அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இந்த நவம்பர்தான் கடைசி. அதோடு விட்டால் பட்டம் கிடையாது. செம்பியன் அன்றைக்கே போய்ப் பரீட்சைக்குப் பணம் கட்டினான். வெண்மதி பள்ளிக்கூடம் போனதும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பழைய டிராஃப்டரைப் பரணிலிருந்து இறக்கி வரைந்து பழகினான். ஆச்சரியம், இப்போது வந்தது. கூம்பும் வந்தது, அதன் வெட்டும் வந்தது. சென்டர் கடலூருக்கு வெளியே ஒரு கல்லூரி. நம் பையன்கள் அத்தனை தூரம் வரமாட்டார்கள் என்று தைரியம் கொண்டான்.

அந்த வாரம்தான் செந்தமிழ்செல்வன் அழுதான். சேத்தியாத்தோப்புப் பையன், கடைசி வருஷம். அவனுக்கும் கிராபிக்ஸ்தான் பாக்கி.

"நான் போவல சார். டிராஃப்டர் இல்ல. ஜூனியர் பசங்ககிட்ட போயி கேட்டா ஆஸ்டல் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்னாடா இப்ப? செட்ஸ்கொயர வெச்சிப் போடு, அதுவே போதும்."

"உங்களுக்கு என்னா சார், நீங்க ஒரே மூச்சுல முடிச்சவரு. எங்க கஷ்டம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

செம்பியன் அவன் நோட்டை இழுத்துக் கூம்பு வரைகிற பக்கத்தைப் பிரித்தான்.

பரீட்சையன்று காலை, முதுநகர் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவதாக வெண்மதியிடம் சொன்னான். டிராஃப்டரை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் திணித்தான். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினான். பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியபோது, சாயந்தரம் வெண்மதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அன்று அவனுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

கல்லூரி வாசலில் பையன்கள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கமாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவந்தான். செந்தமிழ்செல்வன். அவர்கள் கல்லூரி அரியர்காரர்களுக்கும் இதே சென்டர்தான் என்பது செம்பியனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி நடக்கலாம் என்று பார்த்தான். அதற்குள் பையன் பார்த்துவிட்டான். அவனையும் பார்த்தான், பையையும் பார்த்தான். துண்டு சரிந்திருந்தது.

"சார்!" பையன் கிட்டே ஓடிவந்தான். "எனக்காவ இவ்ளோ தூரம் டிராஃப்டர் எடுத்தாந்தீங்களா? நான் உள்ளார போவ பயந்துகினு திரும்பிட்டேன் சார்."

செம்பியனின் சட்டைப்பையில் ஹால்டிக்கெட் மடித்து இருந்தது. இல்லைடா, எனக்கும் இன்றைக்குப் பரீட்சை என்றால் முடிந்தது. ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் பையனுக்கும் நல்லதுதான் செய்திருக்கும், ஒருவேளை டிராஃப்டரைவிட அதிகமாக. அது செம்பியனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பையன் அவனைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டா," என்றான் செம்பியன். "புடி. ஓடு."

பையன் ஓடினான். மணி அடித்தது. செட்ஸ்கொயர் போதும் என்று சொன்னவன் தான்தான் என்பது செம்பியனுக்கு நினைவு வந்தது. எதிரே கடையில் செட்ஸ்கொயர் விற்கவும் செய்தார்கள். கேட்டை மூடுகிறவரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கேட் மூடியதும் முதலில் வந்தது நிம்மதிதான். அதற்குப் பின்னால்தான் அழுகை வந்தது. ஒரு டீயைக் குடித்து அதை அடக்கிக்கொண்டு முதுநகர் பஸ்ஸில் ஏறினான். ஆனால் முதுநகரில் இறங்கவில்லை. அப்பா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கேயே பொழுதை ஓட்டிவிட்டுச் சாயந்தரம் சிதம்பரம் திரும்பினான்.

வீட்டுக்கு வந்தபோது வெண்மதி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சேத்தியாத்தோப்புலேருந்து அந்தப் பையனோட அம்மா போன் பண்ணாங்க. ஒரே அழுவ. எம்புள்ளைய நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவப் பாக்கப் போறேன்னு எங்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க? சொல்லிட்டே போயிருக்கலாம்ல. நான் என்னா தப்பாவா நெனச்சிடப் போறேன்?"

செம்பியன் அவளையே பார்த்தான். "வெண்மதி..." என்று ஆரம்பித்தான்.

"இருங்க இருங்க, மாமா லைன்ல இருக்காங்க. அவுங்களுக்கும் சொல்லிட்டேன்." போனை அவன் காதில் வைத்தாள்.

சாமிக்கண்ணு அந்தப் பக்கம் இரைந்து பேசினார். ஐஸ் கம்பெனி இரைச்சலில் பேசிப் பழகிய குரல். "கேட்டேண்டா தம்பி! படிச்ச புள்ளக்கிதான் படிக்கிற புள்ள கஷ்டம் தெரியும். இன்னிக்கு எங்கூட வேல பாக்குறவனுங்க அத்தினி பேருக்கும் சொல்லிட்டேன். எம்புள்ள இன்ஜினியரு, ஆனா மனுசன்டா அவன்னு. சரிதான?"

"சரிப்பா," என்றான் செம்பியன்.