பெரியப்பாவின் பம்ப் ரைபிள்

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கிகள் வீடு திரும்பிய வாரம். காட்டுப்பன்றி விரட்ட அப்பாவிடம் ஒன்று, பெரியப்பாவிடம் ஒன்று, லைசென்ஸோடு இருந்தன. துருப்பிடித்திருக்கிறதா என்று சுட்டுப் பார்க்க இருவரும் குச்சனூர்த் தோப்புக்குக் கிளம்பினார்கள். அவர்களுடைய தங்கச்சியான என் அத்தையும் கூட வந்தாள். எட்டு வயது ஓட்டைவாய்ச் சிறுமியான என்னை அவள்தான் கூட்டிப்போனாள்.

அத்தையை அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்லூரியில் ஒரு வருடம் பாக்கி. முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று அழுது பார்த்தாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு இடது கைப் பழக்கம் வேறு. அது தெரிந்தே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால், வலது கையால் பரிமாற வீட்டில் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கால் மேட்டில் மூன்று எண்ணெய் டப்பாக்களை வைத்தார்கள். அப்பாவுடையது போல்ட் ரைபிள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் வலப்பக்கக் கொண்டியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடி குறி பார்க்க வேண்டும். முன்பொருமுறை அத்தை அதை முயன்று, கை பின்னிக்கொள்ள, எல்லோரும் சிரித்திருந்தார்கள். பெரியப்பாவுடையது பம்ப். துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுக்க வேண்டாம், குறி கலையாது, குழலுக்கடியில் இருக்கும் முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டார்.

"எந்தக் கைக்காரனுக்கும் தோதுப்படும்ல" என்றார் கடைசியில்.

"எங்க, குடுங்கண்ணே" என்று அத்தை கையை நீட்டினாள்.

இடது தோளில் பதித்தாள். டப். சரக், சரக். டப். சரக், சரக். டப். மூன்று டப்பாவும் மண்ணில் கிடந்தன. அம்மாடி! பித்தளைக் கூடுகள் காலடியில் துள்ளி விழ, அவள் இமைகூடக் கொட்டவில்லை. சாமியைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தேன்.

வெளியே மூச்சு விடக்கூடாது என்று அப்பாவும் பெரியப்பாவும் வழிநெடுக என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். அத்தை மட்டும் சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, உன் அத்தைக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டார். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதை எப்படி விழுங்குவது?

"எங்கத்தை இடது கையால துப்பாக்கி சுட்டு மூணு டப்பாவையும் விழுத்தாட்டிருச்சு!"

கேசரியில் கை வைக்காமலே எழுந்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவில்லை. அந்த வருடம் வேறு வரனும் வரவில்லை. அத்தை படித்து முடித்தாள்.

அன்றைக்கு அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். அத்தை மட்டும் திட்டவில்லை. என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், மிஞ்சிய கேசரியை ஊட்டிவிட்டு, கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அடி வாங்கியதற்குத்தான் இத்தனை பாசம் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.