பச்சைப் புடவைப் பை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அப்பா போய்விட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாண வயது.

துக்க வீட்டில் பலகாரம் சுடக்கூடாது. அது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் மற்ற வீடுகளிலிருந்து நமக்குத் தட்டு வரும். அதிரசம், முறுக்கு, ரவையும் முட்டையும் போட்டுச் சுடுகிற விவிக்கம் கேக் எல்லாம் வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பது இன்னொரு சட்டம். சுடவும் கூடாது, வெறுந்தட்டும் கூடாது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் போதும் என்பார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை.

"பலகாரந்தானே சுடக் கூடாது. பை தைக்கக் கூடாதுன்னு எந்த சாமியாரு சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத் தன் புடவைப் பெட்டியைத் திறந்தாள்.

அப்பா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு புடவை வாங்கித் தருவார். அவர் எடுத்தால் நீலம்தான். கடையில் வேறு நிறமே இல்லாதது போல வருஷா வருஷம் நீலம். அம்மா வெள்ளைக்கு மாறிவிட்டாள், இனி அவள் எதையும் கட்டப்போவதில்லை. ஒன்றையாவது எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"தாலி எறக்குனவ பொடவய கல்யாணம் ஆவாத பொண்ணு கட்டக் கூடாது."

"அப்ப ஊருக்கு மட்டும் பை தெச்சிக் குடுக்கலாமா?"

"வெட்டித் தெச்சிட்டா அது பொடவ இல்லடி. துணி."

இப்படித்தான் அம்மா தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் கற்றுக்கொண்ட கை அவளுடையது. உள்ளே காடாத் துணி வைத்து, புடவையின் கரையை மடித்துக் கைப்பிடியாக்கி, கைப்பிடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி போலத் தையல் ஓட்டிவிடுவாள். மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கிப் போட்டாலும் அறுந்துபோகாது.

எல்லாப் பைகளையும் விட ஒரு பைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு.

பெரியம்மா சொந்தமில்லை, பழக்கத்தில் பெரியம்மா. கோயிலில் இருவரும் ஒரே பாயில் உட்காருவார்கள். தினமும் காலையில் எங்கள் வாசலில் நின்று, "தங்கச்சி, கெளம்பிட்டியா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். இருவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார்கள். கால் வீசைக் கத்தரிக்காய்க்கு இவ்வளவு பேச்சா என்று அப்பா கிண்டல் செய்வார். அப்பா போன பிறகு அந்தக் குரல் வரவில்லை. பெரியம்மாவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். காலையில் முதல் முழிப்பாக வெள்ளைப் புடவை வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் பச்சைப் புடவையில் கத்தரி வைத்தாள். அது ஒன்றுதான் பெட்டியில் நீலம் இல்லாதது. அரக்குக் கரை போட்ட பச்சை. பெரியம்மாவும் அம்மாவும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய ஜோடிப் புடவையில் ஒன்று. மாதா திருவிழாவுக்கு இருவரும் அதைக் கட்டிக்கொண்டு போனால் கூடப்பிறந்தவர்களா என்று கேட்பார்கள். "இதப் பாத்தா அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் வரும்" என்றாள் அம்மா.

ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் நான்தான் தட்டில் பையை மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா அரக்குக் கரையைப் பார்த்தாள். அவள் கை தானாகத் தாலிக்குப் போனது. தன் பெட்டியிலும் அதே புடவை இருக்கிறது, அதன் ஜோடி விதவையின் வீட்டில் வெட்டுப்பட்டுத் தன் வாசலுக்கு வந்திருக்கிறது. அவளுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

"நல்லா இருக்கும்மா. அங்க வச்சிட்டுப் போ" என்றாள். கையில் வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா விடிந்ததும் தலை சீவி, தன் பழைய பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். செருப்புச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேகமாகும். அம்மா எழுந்துபோய் அடுப்பு மூட்டுவாள். எனக்குப் பெரியம்மாமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கோயிலில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தை மாதக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்ட விதத்திலேயே வரவேண்டாம் என்பதும் இருந்தது. கொட்டுமேளச் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டோம்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தது. வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீன் ஆகும். வைத்திக்குப்பத்திலிருந்து வழக்கமாக வரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தாள். நெற்றி நிறையக் குங்குமம், உடம்பில் அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை. தோளில் தொங்கிய பை, அம்மா தைத்த பை. வெற்றிலையும் சில்லறையும் அதில்தான் வைத்திருந்தாள்.

அம்மா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பக்கத்து வூட்டம்மா குடுத்தாங்க" என்று மீன்காரம்மாவே ஆரம்பித்தாள். "பொடவ, பை ரெண்டுமே. நானும் கட்டிக்கிட்டேன். ஆனா மனசு கேக்கலம்மா. இவ்ளோ நல்ல பொடவய யாராச்சும் சும்மா தூக்கிக் குடுப்பாங்களா? எங்க வூட்டாளு தெனம் கடலுக்குப் போறவரு. ஏதாச்சும் தோஷம் கீஷம் இருக்குமா?"

எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு தோஷமும் இல்ல. நல்ல பொடவ அது. தைரியமா கட்டிக்க" என்றாள்.

மீன்காரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. கூடையைத் தூக்கக் குனிந்தாள். முந்தானைக் கரையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. எந்தப் புடவையில் எது ஒட்டியிருந்தாலும் அம்மாவின் கண்ணுக்குப் பொறுக்காது. எடுத்துவிடக் கையை நீட்டினாள். புடவைக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கை நின்றது. மெல்ல இழுத்துத் தன் வெள்ளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ தட்டி உடு" என்றாள் என்னிடம்.