சன்னாசி மறைத்த துறை

சன்னாசிக்குப் பொய் சொல்ல வராது. வாழ்க்கையில் சொன்னது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு பூச்சி விஷயத்தில்.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர், ஈப்போவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், இறந்த மகளின் நினைவு நாளன்று பழைய தோட்டத்து ஓடையில் பூப் போடப் போனபோது, கல்லில் ஒட்டியிருந்த நாலு பூச்சிகளை ஜாம் போத்தலில் எடுத்துவந்தார். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட புஷ்பராணி டீச்சருக்கு நீர்ப்பூச்சி என்றால் உயிர்.

டீச்சர் இரண்டு நாள் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. "அண்ணே, இது மே ஈன்னு, தண்ணியில வளர்ற பூச்சியோட குஞ்சு. எந்தப் புத்தகத்திலயும் இல்ல, புதுசு! இறக்கை முளைச்ச ஆண் ஒண்ணு கிடைச்சாப் போதும், முழுசா எழுதிப் பேர் வெச்சிடலாம். எங்க பிடிச்சீங்க? வலையோட போலாம்."

அந்த இடத்துக்குக் காளியம்மா துறை என்று பெயர். ஏழு வயதில் அங்கே மூழ்கிப்போன சன்னாசி மகளின் பெயர் அது. வலை போட்டு இழுத்துத்தான் அவளை எடுத்தார்கள். மறுபடியும் அங்கே வலையா?

"பெரிய பாலத்து ஆறு, டீச்சர்," என்றார்.

அட பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? நாலு வருஷம் டீச்சர் பாலத்தடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். கிடைக்காது என்று தெரிந்தே சன்னாசியும் பக்கத்தில் வலை பிடித்தார். தனியாகத் துறைக்குப் போய்ப் பிடித்துத் தரலாம் என்று இரண்டு முறை போனார். வலையை இறக்கக் கை வரவில்லை. கல்லூரியில், "இல்லாத பூச்சியத் தேடுறாங்க," என்று சிரித்தார்கள்.

எண்பதில் டீச்சர் போத்தல்களை அலமாரிக்குள் வைத்துப் பூட்டப் போனார். "போதும்ண்ணே. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் போல."

சன்னாசி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல தப்பு இல்ல டீச்சர். நான் பொய் சொன்னேன்," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டீச்சர் திட்டவில்லை. காரை எடுத்தார்.

மூன்று மாதத்துக்கு முன் சன்னாசி பூப் போட்ட ஓடை அங்கே இல்லை. பால்மரங்களைச் சாய்த்துச் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். நேராக வெட்டிய கால்வாயில் கலங்கல் தண்ணீர் ஓடியது, களைக்கொல்லி நாறியது. டீச்சர் இறங்கிச் சாயங்காலம்வரை தேடினார். ஒரு குஞ்சுகூட இல்லை.

கரையேறி வந்து, "முதல்லயே சொல்லியிருந்தா, உலகத்துலயே இங்க மட்டும் இருக்கிற பூச்சின்னு எழுதிக் கெஞ்சியாவது தடுக்கப் பார்த்திருப்பேனே அண்ணே," என்றார்.

சன்னாசி கால்வாய் ஓரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்புள்ள எங்க விழுந்தாள்னே தெரியல டீச்சர்."