அந்த மூடி யார் வீட்டு மூடி?

இருட்டுக் கதை எழுதும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: கல்யாண மண்டபத்தில் நம் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். சாவு, துரோகம், பூட்டிய அறை என்று எழுதிவிட்டுச் சொந்தபந்தத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் எனக்குக் கோவை கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில் கதை. அதில் ஒன்றின் பெயர் ‘மூடி’. ஒரு தோட்டத்து வீட்டில் ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத போர்வெல். அதற்கு ஓர் இரும்பு மூடி. அந்த வீட்டுப் பெண் மாலதி செத்துப்போகிறாள். வயிற்று வலி என்று ஊருக்குச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக அந்த மூடிமேல் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கடைசியில் தம்பிக்காரன் கற்களைத் தள்ளி மூடியைத் திறந்து, அக்காவின் கொலுசை உள்ளே போடுகிறான். அவள் எப்படிச் செத்தாள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

ஒரே ஒரு வரி

கதையை வாங்கிய பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து போன் செய்தார். கதை பிரமாதம் என்றார். அப்படி ஆரம்பித்தாலே பின்னால் ஓர் ‘ஆனால்’ வரும். கடைசியில் ‘அந்த மூடிதான் அவர்களுடைய மௌனம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வாசகருக்கு வசதியாக இருக்குமாம்.

மூடியை விளக்கிவிட்டால் கதையையே மூடிவிடலாம், முடியாது என்றேன். அரை மணி நேரம் வாதாடினோம். ஒரு வரிக்காக நான் யாரோடும் அவ்வளவு நேரம் சண்டை போட்டதில்லை. கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். “சரிங்க மேடம், அப்படியே போடறேன். புரியலைன்னு லெட்டர் வந்தா நீங்களே பதில் எழுதிடுங்க.”

தண்ணீர்ச் சத்தம்

புரியவில்லை என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. போன்தான் வந்தது, போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவரிடமிருந்து. திருச்செங்கோட்டுப் பக்கம். சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது கதையைப் படித்தாராம். தம்பி கொலுசைப் போட்டதும் ‘அடியில் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது’ என்று நான் உருக்கமாக எழுதியிருந்தேன். வறண்ட போர் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் தண்ணீரை விட்டிருக்கிறேன்! இத்தனைக்கும் நாள் முழுக்க மோட்டார் நடுவில் உட்கார்ந்திருப்பவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வறண்ட போரில் போட்டால் எப்படித்தான் கேட்கும் என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, என் கதைகள் புத்தகமாக வரவிருந்ததால் அதில் இந்தக் கதையின் கடைசி வரியாக அதையே வைத்துவிட்டேன். உவமை, குறியீடு என்று இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை. “பைப்புல உரசிக்கிட்டே போகுமுங்க அம்மணி, சத்தம் கொஞ்சங் கொஞ்சமா மங்கிப்போயிரும். விழுந்த சத்தம் மட்டும் மேல வரவே வராதுங்க.”

ஓனரின் மேட்டர்

எங்கள் பட்டறை ஓனர் கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டீ வரவழைத்தார். டீயோடு வர்க்கியும் வந்தபோதே விஷயம் பெரிது என்று புரிந்தது. நான் சேருவதற்கு முன்னால் பிரஸ் மிஷினில் ஒருவருக்கு இரண்டு விரல் போனதாம். ஆஸ்பத்திரியில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்களாம். எனக்கு அது சத்தியமாகத் தெரியாது. அவரே சொல்லித்தான் தெரியும். “அந்த ஆளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுபோட்டோமுங்க அம்மணி. இப்ப எதுக்குங்க அந்த மூடியத் தொறக்கறீங்க?”

பீரோ சாவி

அப்பன் குதிருக்குள் இல்லை என்று இப்படி வரிசையாக வந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? நேராக எழுதியிருந்தால் “எங்க ஊட்ல அப்படியெல்லாம் இல்லீங்க” என்று எழுந்து போயிருப்பார்கள். மூடி என்று எழுதியதும் அவரவர் வீட்டில் போய் அதை வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்திவிடுகிறது. இருட்டுக் கதையில் குறியீட்டுக்கு இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தின் புரூப்பை பைண்டிங் செய்து வாங்க உக்கடத்தில் ஒரு பாய் கடைக்குப் போயிருந்தேன். பசை காயும் நேரத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பைண்டிங் செய்ததை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்டுல ஒரு பீரோ இருக்கும்மா. சாவி தொலைஞ்சுபோச்சுன்னு முப்பது வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.”

இரண்டு மார்க்

ஒரு கல்லூரியில் ‘மூடி’யைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேராசிரியர் பலகையில் எழுதிப்போட்டுவிட்டார்: மூடி, ஆணாதிக்கம். கல், சமூகம். கொலுசு, பெண்மை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். பிள்ளைகள் மும்முரமாகக் காப்பி செய்துகொண்டிருந்தார்கள். செத்துப்போன பெண்ணைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எனக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டாள். “சார், கல்லு கல்லாவே இருந்தா எத்தன மார்க்குங்க?”

மரியாதையாக ஒரு மிரட்டல்

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாலதி என் சித்தப்பா மகள். நிஜப் பெயர் அதுவல்ல. வேறு சாதிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஒரு நாள் வயிற்று வலியில் செத்துவிட்டாள் என்றார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் எரித்தாயிற்று. பதினொரு வருஷமாகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நானும்தான்.

புத்தகத்தில் ‘மூடி’ முதல் கதையாக வருகிறது என்று தெரிந்ததும், சித்தப்பா இரண்டு பங்காளிகளோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் மிரட்டலுக்கும் ‘ங்க’ உண்டு. காப்பியைக் குடித்துவிட்டு, பெரியவராக இருந்த பங்காளி ஆரம்பித்தார். கதை எழுதுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். இல்லையென்றால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் எங்கள் வாசல் மிதிக்க மாட்டார்களாம். வயசுக்கு வந்த என் மகளுக்கு அடுத்த மாதம் சீர் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துதான் வந்திருந்தார்கள். சித்தப்பாவின் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஆனாலும் கேட்டேன்: “ஊர் பேரு எழுதல. ஆள் பேரு எழுதல. ஊருல ஆயிரம் போர் பொய்ச்சுக் கெடக்குது. நீங்க மட்டும் ஏனுங்க வந்தீங்க?” சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பங்காளிதான் செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார். “தெரிஞ்சவங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

மத்தியானம் வந்த போன்

சொன்னபடி செய்தார்கள். சீருக்குச் சித்தப்பா பக்கத்து ஆள் ஒருவர்கூட வரவில்லை. தாய்மாமன் வரிசை மட்டும் வந்தது, அது போதும் என்றாள் என் மகள். கதையை எடுக்கவில்லை.

மறு வாரம் மத்தியானம் சித்தி கூப்பிட்டாள், மாலதியைப் பெற்றவள். சித்தப்பா தேங்காய் லோடோடு போயிருக்கும் நேரம். எட்டாவது வரை படித்தவள். பத்திரிகையை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்து மூன்று தடவை படித்தாளாம். திட்டுவாள் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். மூடி பற்றியும் கேட்கவில்லை, கல் பற்றியும் கேட்கவில்லை. அழுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. நானும் அழுதேன். போனை வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவ பேரையே வெச்சிருக்கலாமில்ல கண்ணு?”

கதைக்குள் மாலதி மாலதியாகவே இருக்கிறாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் ‘சுகன்யாவுக்கு’ என்று போட்டேன். மற்றபடி அந்த மூடி எதைக் குறிக்கிறது என்று கேட்பவர்களிடம் போர்வெல்லைக் குறிக்கிறது என்றுதான் இன்றுவரை சொல்கிறேன், ஒருத்தரும் நம்பியதில்லை.